பழைய 5.1 செட்டோடு கம்ப்யூட்டரை இணைக்க எந்த வழி நல்லது?

2005, 2006 வாக்கில் ஆசையாய் வாங்கிய 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பல வீடுகளில் இன்றும் உழைக்கிற நிலையில்தான் இருக்கிறது. கூட வந்த டிவிடி பிளேயர் மட்டும் போய்விட்டது. படமும் பாட்டும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. ஆம்ப்பின் பின்னால் எச்டிஎம்ஐ இல்லை. கம்ப்யூட்டரின் பின்னால் சிவப்பு-வெள்ளை பின் குத்த இடமில்லை. ஹெட்போன் துளையில் ஒரு ஒயரைச் செருகிப் பார்க்கிறார்கள். முன்னால் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது, பின்னால் இருப்பவை வாய் திறப்பதில்லை. "செட் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படி ஒரு நல்ல ரிசீவர், அதாவது ஆம்ப், பழைய சாமான்காரரிடம் போவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் "எந்தக் கேபிள் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேபிள் கடைசியில் முடிவாக வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் டார்ச் அடித்து ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு-வெள்ளை ஜோடி எல்லா ஆம்ப்பிலும் இருக்கும். அதைத் தவிர மூன்றைத் தேடுங்கள். ஒன்று, ஆறு ஆர்சிஏ துளைகள் (சிவப்பு-வெள்ளை பின் போகும் அதே வட்டத் துளை) ஒரே கூட்டமாக, "5.1 இன்புட்", "மல்டி சேனல் இன்" என்று எழுதியிருக்கும். இரண்டு, சின்ன மூடி போட்ட சதுரத் துளை, அது ஆப்டிக்கல். மூன்று, ஆரஞ்சு நிறத்தில் தனியாக ஓர் ஆர்சிஏ, அது கோஆக்சியல். முன்பக்கத்தில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் முத்திரைகள் இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரை இருந்தால் சுருக்கி வைத்த ஒலியைப் பிரித்தெடுக்கும் டீகோடர் உள்ளே இருக்கிறது.

அடுத்து, எதைக் கேட்கப்போகிறீர்கள்? பாட்டு கிட்டத்தட்ட எப்போதுமே இரண்டு சேனல், அதாவது இடது, வலது என்று இரண்டு தனி ஒலி. யூடியூபில் பெரும்பாலானவையும் அப்படித்தான். டிவிடி, புளூரே படங்கள் பலவற்றில் 5.1 இருக்கும். கேம் என்றால் ஒலி அந்தந்த நொடியில் உருவாகிறது. எந்தப் பக்கம் காலடிச் சத்தம் வரும் என்பது முன்கூட்டியே பதிவாகி இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் வழி வேறு.

தாமதம், இரைச்சல், வீட்டில் மற்றவர்கள் கையாளும் வசதி ஆகிய மூன்றையும் நான் சேர்த்துப் பார்ப்பேன். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அம்மா ஒரு பாட்டுக் கேட்க நான்கு செட்டிங் மாற்ற வேண்டியிருந்தால், அந்த இணைப்பு ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காது.

## வழி 1: ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு-வெள்ளைக்கு

கடையில் "இபி டு ஆர்சிஏ" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பு-வெள்ளை. சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்த ஆம்ப்பிலும் வேலை செய்யும். செட்டிங் எதுவும் வேண்டாம்.

போவது இரண்டு சேனல்தான். ஆனால் ரிசீவரில் புரோலாஜிக் 2 இருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஜிம் ஃபாஸ்கேட் வடிவமைத்து, டால்பி 2000-இல் வெளியிட்ட முறை அது. இரண்டு சேனல்களுக்கும் பொதுவாக இருப்பதை நடு ஸ்பீக்கருக்கும், ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் இருப்பதைப் பின் ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும். வசனம் நடுவில் நிற்கும், மழையும் கூட்டத்தின் ஆரவாரமும் பின்னால் பரவும். உண்மையான 5.1 இல்லை என்றாலும் கேட்க நன்றாகவே இருக்கும். நம்மூரில் அசெம்பிள் செய்து விற்கிற ஆம்ப்களிலும் "புரோலாஜிக் போர்டு" என்று ஒன்று போட்டிருப்பார்கள். அவற்றின் தரம் போர்டுக்குப் போர்டு மாறும். சிலவற்றில் வெறும் எதிரொலியைப் பின்னால் அனுப்பிவிடுகிறார்கள். அதனால் வாங்குமுன் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் தொல்லை ஹம்மிங். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு வேறு வழியாக ஒரு எர்த் என்று இரண்டு பாதை உண்டாகும்போது, இடையிலுள்ள ஆடியோ ஒயர் வழியே சிறு மின்னோட்டம் ஓடுவதால் வருவது இது. என் வீட்டில் இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் சத்தம் சட்டென்று நின்றது. அந்த ஒயரின் மேலுறை வழியாகத் தெருவிலிருந்து இன்னோர் எர்த் உள்ளே வந்திருக்கிறது. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம்மிங் நின்றால் காரணம் அதுதான். கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பா கிடைக்கிறது, அதை நடுவில் மாட்டினால் தீரும். மலிவானவற்றில் பாட்டின் அடிநாதமும் (பேஸ்) கொஞ்சம் மெலியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹம்மிங் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உலோகப் பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்பில் மின்கசிவு வந்தால் அந்தப் பின்தான் உங்களைக் காப்பாற்றும்.

## வழி 2: ஆறு சேனலையும் தனித்தனி ஒயரில்

டெஸ்க்டாப் மதர்போர்டின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று துளைகள் இருக்கும். பச்சை முன் ஸ்பீக்கர்கள், கறுப்பு பின் ஸ்பீக்கர்கள், ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும். மூன்றே துளை உள்ள போர்டுகளில், ரியல்டெக் என்ற சவுண்டு மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் நீலம் பின் ஸ்பீக்கர்களாகவும் இளஞ்சிவப்பு நடு-சப்வூஃபராகவும் மாறிக்கொள்ளும். மைக்கை முன்பக்கத் துளைக்கு மாற்ற வேண்டும். மூன்று இபி டு ஆர்சிஏ ஒயர், ஆறு பின், ஆம்ப்பின் ஆறு துளை. அவ்வளவுதான்.

இந்த முறையில் ஒலியைச் சுருக்குவதும் இல்லை, விரிப்பதும் இல்லை. கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடுவதால் படம் எந்த வடிவத்தில் இருந்தாலும் கவலையில்லை. டிடிஎஸ், ஏஏசி, டால்பி டிஜிட்டல் பிளஸ் எல்லாம் ஆறு சேனலாக வெளியே வரும். தாமதம் கிட்டத்தட்ட இல்லை. கேம் விளையாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி பழைய செட்டில் கிடையாது என்று நான் நம்புகிறேன். அசெம்பிள் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே இயல்பான வழி, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலும் 5.1 இன்புட் இருக்கும். டீகோடர் இருக்கிறதா என்ற கவலையே வேண்டாம்.

குறைகளும் உண்டு. பல பழைய ரிசீவர்களில் இந்த ஆறு துளைக்கு வரும் ஒலி நேராக வால்யூமுக்குப் போய்விடும். சின்ன ஸ்பீக்கரிலிருந்து அடிநாதத்தைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்புவது, ஸ்பீக்கர் தூரத்துக்கு ஏற்பத் தாமதம் வைப்பது போன்ற வேலைகளை ரிசீவர் இதற்குச் செய்யாது. டிவிடி ஓடியபோது அதிர்ந்த சப்வூஃபர் இப்போது சோர்ந்து கேட்டால் இதுதான் காரணம். ஒயரையோ ஸ்பீக்கரையோ குறை சொல்ல வேண்டாம். சவுண்டு கார்டின் மென்பொருளில் பேஸ் மேனேஜ்மென்ட் (அடிநாதத்தைப் பிரித்து அனுப்பும் வசதி) இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளுங்கள், சப்வூஃபர் அளவையும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இன்னொரு குழப்பம், ஆரஞ்சுத் துளையில் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இடம் மாறி வருவது. வசனம் சப்வூஃபரில் உறுமினால் பயப்பட வேண்டாம். அந்த ஒரு ஒயரின் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிக் குத்துங்கள்.

லேப்டாப்பில் ஒரே துளைதான். அதற்கு யூஎஸ்பி சவுண்டு கார்டு வேண்டும். இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். அட்டையில் பெரிதாக "7.1" என்று போட்டிருந்த ஒரு சின்னக் குச்சியை வாங்கி வந்தேன்; அதில் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டே துளைகள். விண்டோஸ் திரையில் எட்டு ஸ்பீக்கர் படம் வந்தது, வெளியே வந்தது இரண்டு சேனல். பிறகுதான் உறைத்தது: 5.1-க்கு ஸ்டீரியோ துளை குறைந்தது மூன்று இருந்தே ஆக வேண்டும். சி-மீடியாவின் சிஎம்6206 சிப் போட்டு வரும் சின்னப் பெட்டிகளில் தனித்தனித் துளைகள் இருக்கும். லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமல் ஓடும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்தான், படத்துக்கும் கேமுக்கும் தாராளம்.

ஆறு ஒயரை ஐந்து மீட்டர் இழுத்தால் அறை பார்க்க நன்றாக இருக்காது. ஹம்மிங் வாய்ப்பும் கூடும். கம்ப்யூட்டரும் ஆம்ப்பும் ஒரே மேசையில் இருந்தால் மட்டும் இந்த வழிக்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

## வழி 3: ஆப்டிக்கல் அல்லது கோஆக்சியல்

தோஷிபா 1983-இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் தான் இன்று நாம் ஆப்டிக்கல் என்று சொல்வது. ஒளி மட்டும் போவதால் கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்புக்கும் மின்தொடர்பே இல்லை. ஹம்மிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே மெல்லிய ஒயர். கோஆக்சியலிலும் அதே தகவல்தான் போகிறது, செம்புக் கம்பி வழியாக. அதனால் எர்த் பிரச்சினை அதில் வரலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. "ஆப்டிக்கல் மாட்டினேன், டிஜிட்டல்தானே, ஏன் 5.1 வரவில்லை?" என்று கேட்பார்கள். ஆப்டிக்கலிலும் கோஆக்சியலிலும் ஒலி போகும் முறைக்கு எஸ்பிடிஐஎஃப் என்று பெயர், சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கியது. சுருக்காத ஒலி என்றால் இதில் இரண்டு சேனல்தான் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு சுமார் 1.5 மெகாபிட் வேண்டும். ஆறு சேனலுக்கு 4.6 மெகாபிட். இந்த முறையில் இரண்டு சேனலுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறது, ஆறுக்கு இடமில்லை. டால்பி டிஜிட்டல் என்கிற ஏசி-3 அந்த ஆறு சேனலையும் 448 அல்லது 640 கிலோபிட்டுக்குள் சுருக்கிவிடுவதால், அது அதே குழாயில் சுலபமாகப் போகிறது. ஆம்ப்பில் உள்ள டீகோடர் அதை விரித்துக்கொள்கிறது. ஆக, சுருக்கிய டால்பி அல்லது சாதாரண டிடிஎஸ் போனால் 5.1, மற்றபடி ஸ்டீரியோ.

டிவிடிக்கு இது அப்படியே பொருந்தும். விஎல்சி பிளேயரில் எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூவை இயக்கினால் வட்டில் இருக்கும் ஏசி-3 கை படாமல் ஆம்ப்புக்குப் போய்விடும், முகப்பில் டால்பி டிஜிட்டல் விளக்கு எரியும். அந்த விளக்குதான் உங்கள் சாட்சி. "பிசிஎம்" (சுருக்காத ஒலி) என்று காட்டினால் ஸ்டீரியோதான் போகிறது.

புதிய கோப்புகளில் ஏஏசி 5.1-உம் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் அதிகம். பழைய ஆம்ப்புக்கு இரண்டுமே தெரியாது. இதற்கு நல்ல மருந்து, கம்ப்யூட்டரே ஓடும்போதே அவற்றை ஏசி-3 ஆக மாற்றிக் கொடுப்பது. 'கோடி' பிளேயரில் ஆடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்றே விட்டு, பாஸ்த்ரூவை அனுமதித்து, டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கை இயக்குங்கள். அந்த வரி தெரியவில்லை என்றால் செட்டிங்ஸ் மட்டத்தை எக்ஸ்பர்ட் ஆக்குங்கள். எம்பிவி பிளேயரிலும் இதற்கென்று ஒரு ஃபில்டர் உண்டு. ஒரு முறை செய்து வைத்தால் போதும், எந்தப் படமும் 5.1-இல் வரும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேம் மட்டும் இதில் அடங்காது. கேமின் ஒலியை உடனுக்குடன் சுருக்க டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வேண்டும். உரிமம் வாங்கிய சில சவுண்டு கார்டு, மதர்போர்டுகளில்தான் இவை வரும். ஆப்டிக்கல் துளை இருப்பதாலேயே இந்த வசதியும் இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். தாமதமும் உண்டு. ஏசி-3-இன் ஒரு துண்டு 1536 மாதிரிகள் (சாம்பிள்) கொண்டது, அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 32 மில்லிநொடி. அந்தத் துண்டு நிரம்பிய பிறகே அனுப்ப முடியும். பிறகு ஆம்ப் விரிக்க வேண்டும். படத்தில் இதைப் பிளேயரிலேயே சரிசெய்துவிடலாம், துப்பாக்கிச் சண்டையில் முடியாது.

சின்னத் தொல்லைகள் மூன்று. பாஸ்த்ரூ ஓடும்போது கம்ப்யூட்டரின் வால்யூம் வேலை செய்யாது, ஆம்ப் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். அமைதிக்குப் பின் ஒலி தொடங்கும்போது முதல் அரை நொடி சில ரிசீவர்களில் விழுங்கப்படும். புது ஆப்டிக்கல் ஒயரின் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், கழற்றிவிட்டுச் செருகுங்கள். ஒயரைக் கூர்மையாக மடக்கினால் உள்ளிருக்கும் இழை கெட்டுவிடும். மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாலே இணைப்பு உயிரோடு இருப்பது தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் ஆப்டிக்கல் இல்லை என்றால் முன்பு சொன்ன யூஎஸ்பி பெட்டிகள் சிலவற்றில் அதுவும் சேர்ந்தே வரும். 2015 வரையிலான பல மேக்புக்குகளின் ஹெட்போன் துளைக்குள்ளேயே ஆப்டிக்கல் ஒளிந்திருக்கிறது. சின்ன அடாப்டர் போதும்.

## வழி 4: எச்டிஎம்ஐ-யிலிருந்து பிரித்தெடுப்பது

ஆப்டிக்கலும் இல்லை, மூன்று துளையும் இல்லை, எச்டிஎம்ஐ மட்டும் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். இதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்பது எச்டிஎம்ஐ-யில் வருவதைப் பிரித்து ஆப்டிக்கலில் கொடுக்கும். அது எதையும் புதிதாகச் சுருக்காது. கம்ப்யூட்டர் ஏசி-3 அனுப்பினால் ஏசி-3 வெளியே வரும். சுருக்காத ஆறு சேனல் அனுப்பினால் ஆப்டிக்கலில் 5.1 வராது. வழி 3-இன் எல்லா வரம்புகளும் இதற்கும் உண்டு, பெட்டி விலை மட்டும் கூடுதல். இரண்டாவது வகை, ஆறு ஆர்சிஏ உள்ள 5.1 டீகோடர். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் "டிடிஎஸ் டீகோடர்" என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள். அசெம்பிள் ஆம்ப்புக்கும் டீகோடர் இல்லாத கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் செட்டுக்கும் இது நல்ல துணை. சுருக்காத ஆறு சேனலையும் ஏற்குமா, ஏசி-3-உம் டிடிஎஸ்-உம் மட்டும்தானா என்று கேட்டு, முடிந்தால் லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எச்டிஎம்ஐ உள்ள பழைய ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. எச்டிஎம்ஐ வழியே எட்டுச் சேனல் சுருக்காமல் போகும். அந்தக் கால ரிசீவரால் 4கே படத்தைக் கடத்த முடியாது என்பதுதான் சிக்கல். கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு வெளியீடு இருந்தால் ஒன்றை மானிட்டருக்கும் மற்றதை ரிசீவருக்கும் நேராகக் கொடுங்கள். விண்டோஸ் ரிசீவரை இரண்டாவது மானிட்டராக நினைத்துக்கொள்ளும், மவுஸ் சில சமயம் அங்கே போய் மறையும். டிஸ்பிளே செட்டிங்கில் அந்த இரண்டாவது மானிட்டரைத் திரையின் ஒரு மூலையை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டால் தொல்லை குறையும். தொடக்க கால ரிசீவர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ படத்தை மாற்றிவிட மட்டுமே, ஒலியைத் தொடாது. மேனுவலைப் பாருங்கள்.

டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிக்கல் என்று சுற்றி வருகிறவர்களும் உண்டு. பல டிவிகள் வெளியிலிருந்து வரும் ஒலியை ஸ்டீரியோவாக்கித்தான் ஆப்டிக்கலில் விடும். உங்கள் டிவியில் டால்பி விளக்கு எரிந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

புளூடூத் ரிசீவரைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டு சேனல், உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். சமைக்கும்போது பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம், படத்துக்கு வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சிவப்பு-வெள்ளை | ஆறு ஆர்சிஏ | ஆப்டிக்கல் | எச்டிஎம்ஐ + 5.1 டீகோடர் |
|---|---|---|---|---|
| படத்தில் உண்மையான 5.1 | இல்லை | எல்லா வடிவத்திலும் | டால்பி, டிடிஎஸ். மற்றவை மாற்றினால் | பெட்டியைப் பொறுத்து |
| கேமில் 5.1 | இல்லை | உண்டு | தனி உரிமம் வேண்டும் | சுருக்காத ஒலியை ஏற்றால் உண்டு |
| தாமதம் | இல்லை | இல்லை | மாற்றி அனுப்பினால் உண்டு | கொஞ்சம் |
| ஹம்மிங் | வரலாம் | அதிகம் வரலாம் | வராது | வரலாம் |
| ஆம்ப்பில் வேண்டியது | எதுவும் போதும் | 5.1 இன்புட் | டால்பி டீகோடர் | 5.1 இன்புட் |
| மறைமுகச் செலவு | ஐசொலேட்டர் | யூஎஸ்பி கார்டு, மூன்று ஒயர் | செட்டிங் நேரம் | தவறான பெட்டி வாங்கும் அபாயம் |

## யாருக்கு எது

டால்பி முத்திரை உள்ள ரிசீவர், பெரும்பாலும் படம் என்றால் ஆப்டிக்கல். யோசிக்கவே வேண்டாம். என் வீட்டிலும் இப்போது அதுதான்: ஒரே ஒயர், கோடி பிளேயர், டிரான்ஸ்கோடிங். பாட்டுக்கு அதே ஒயரில் ஸ்டீரியோ போகிறது. ரிசீவர் தானாகவே மாறிக்கொள்கிறது.

மேசை மேல் கம்ப்யூட்டர், பக்கத்திலேயே செட், பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள் என்றால் ஆறு ஆர்சிஏ. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, ஸ்பீக்கர் டெஸ்டில் ஒவ்வொரு பெயரும் அதனதன் மூலையிலிருந்து வருகிறதா என்று சரிபார்த்து, ஒயர்களில் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். அசெம்பிள் ஆம்ப்பும் லேப்டாப்பும் என்றால் மூன்று துளை உள்ள யூஎஸ்பி கார்டு முதலில். அது கிடைக்காவிட்டால் டீகோடர் பெட்டி.

டிவிடி பிளேயரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் வந்த ஹோம் தியேட்டர் செட்டுகளில் பலவற்றுக்கு ஆக்ஸ் என்ற ஒரே ஜோடித் துளைதான் உள்ளே போகும் வழி. அதற்கு எக்ஸ்ட்ராக்டரோ டீகோடரோ எதை வாங்கி மாட்டினாலும் கடைசியில் அந்த இரண்டு பின்னுக்குள்தான் போக வேண்டும். அதில் பணம் போடாதீர்கள். சிவப்பு-வெள்ளையைக் குத்தி, ரிமோட்டில் புரோலாஜிக் இருந்தால் அழுத்தி, கம்ப்யூட்டர் வால்யூமை எண்பது சதவீதத்தில் வைத்துவிட்டுக் கூட்டலையும் குறைத்தலையும் செட்டிலேயே செய்யுங்கள்.